ஆறாயிரம் ராண்டுக்கு என்ன புத்தகம் வாங்கலாம்? பாடசாலை அலமாரிக்காக நான் பார்த்த நாலு வழிகள்

தென்னாப்பிரிக்காவில் நாங்கள் நடத்தும் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலைக்கு இந்த வருடம் 6,000 ராண்ட் நன்கொடை வந்தது. கொடுத்தவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான்: பணம் பிள்ளைகளின் புத்தகத்துக்கே போக வேண்டும், அதுவும் நியாயம் அநியாயம் யோசிக்க வைக்கிற புத்தகமாக, இந்த நாட்டில் நம்மோடு வாழ்கிற மற்ற மக்களையும் தெரிந்துகொள்கிற மாதிரி இருக்க வேண்டும். யார் பொறுப்பு என்று கமிட்டியில் கேட்டபோது எல்லாரும் தரையைப் பார்த்தார்கள், எனக்கு அந்த நேரம் பார்த்து இருமல் வந்தது, வேலை என் தலையில் விழுந்துவிட்டது. மூன்று மாதம் அலைந்து, வாங்கி, சிலதைத் திருப்பிக் கொடுத்து, ஒரு மாதிரி முடிவுக்கு வந்திருக்கிறேன். டர்பனிலோ மாரிட்ஸ்பர்க்கிலோ ஜோபர்க்கிலோ இதே மாதிரி அலமாரி வைக்க நினைக்கிறவர்களுக்கு உதவட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் எங்கள் பிள்ளைகள். டர்பனை ஒட்டிய சாட்ஸ்வர்த்தில் ஒரு கோவில் ஹால், முப்பது பேர், ஆறு வயதிலிருந்து பதினாலு வரை. வீட்டில் இங்கிலீஷ், பள்ளியில் இங்கிலீஷ், கூடவே ஆப்பிரிகான்சோ ஜூலுவோ. தமிழைச் சரளமாகப் படிக்கிறவர்கள் நாலைந்து பேர்தான். மற்றவர்கள் எழுத்துக் கூட்டி வருவார்கள், பாதிப் பக்கத்தில் களைத்துவிடுவார்கள். அரசியல் சட்டத்தின் ஆறாம் பிரிவில், மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளின் பட்டியலில் தமிழின் பெயர் இருக்கிறது. ஆனால் சனிக்கிழமை காலையில் கிரிக்கெட்டும் டான்ஸ் வகுப்பும் இருக்கும்போது அரசியல் சட்டம் பாவம் என்ன செய்யும்? தமிழ்ப் பாடசாலைதானே என்று கண்ணை மூடிக்கொண்டு தமிழ்ப் புத்தகமாக வாங்கிக் குவித்தால் அலமாரி பார்க்க அழகாக இருக்கும், யாரும் தொட மாட்டார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் இப்படித்தான் ஒரு பெட்டி நீதிக்கதைகள் வந்தன, இன்னும் புதுப் புத்தக வாசனை போகவில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

கமிட்டிக்குப் பிடித்தது நம் வீரர்களின் வாழ்க்கை வரலாறு. தில்லையாடி வள்ளியம்மை, காந்தி, 1860 நவம்பர் 16 அன்று ஒப்பந்தக் கூலிகளோடு மதராசிலிருந்து டர்பனுக்கு வந்து சேர்ந்த ட்ரூரோ கப்பல், கரும்புத் தோட்டம். “ஏம்மா, நம்ம கதையே நம்ம பிள்ளைங்களுக்குத் தெரியாது, அதுக்குள்ள மத்தவங்க கதை எதுக்கு?” என்று கமிட்டி அண்ணன் ஒருவர் கேட்டார். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. உன் தாத்தாவுக்குத் தாத்தா இங்கே எப்படி வந்தார் என்று வகுப்பில் ஒரு பையனைக் கேட்டேன், “எமிரேட்ஸ்ல” என்றான்.

வள்ளியம்மை ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த பெண். 1913 போராட்டத்தில் நடந்து, சிறைக்குப் போய், காய்ச்சலோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22 அன்று இறந்துபோனாள், பதினாறு வயதில். இதைப் பதினாலு வயதுப் பெண்ணிடம் சொல்லிப் பாருங்கள், போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பாள். ஆனால் நான் புரட்டிய புத்தகங்களில் வள்ளியம்மை சிலையாக நிற்கிறாள், மாலை போட்டுக் கும்பிடுவதைத் தவிர வேறு எதுவும் செய்ய முடியாத மாதிரி. ஒப்பந்தம் முடிந்த பிறகும் இங்கேயே தங்கியவர்கள் வருடா வருடம் கட்ட வேண்டியிருந்த, அவள் எதிர்த்து நின்ற அந்த மூன்று பவுன் வரி எவ்வளவு பெரிய தொகை என்று ஒரு புத்தகமும் சொல்லவில்லை. மாதம் பத்து ஷில்லிங் கூலிக்கு வந்தவனுக்கு மூன்று பவுன் என்றால் ஆறு மாதக் கூலி, கட்ட முடியாதவன் திரும்பவும் ஒப்பந்தத்தில் கைநாட்டு வைக்க வேண்டியதுதான். இந்தக் கணக்கை நான் பலகையில் போட்டுக் காட்டிய பிறகுதான் பிள்ளைகளுக்கு உறைத்தது.

காந்தி புத்தகங்களில் சிக்கல் வேறு. 1893இல் மாரிட்ஸ்பர்க் ரயில் நிலையத்தில் வண்டியிலிருந்து இறக்கிவிட்டது எல்லாவற்றிலும் இருக்கும், படத்தோடு. இங்கே இருந்த ஆரம்ப வருடங்களில் அவர் ஆப்பிரிக்க மக்களைப் பற்றித் தாழ்வாக எழுதியது ஒன்றிலும் இருக்காது. கானா பல்கலைக்கழகத்தில் அவர் சிலையை 2018இல் எடுத்ததே அந்த எழுத்துக்காகத்தான். பதிமூன்று வயதுப் பிள்ளை இதை ரெண்டு நிமிஷத்தில் போனில் கண்டுபிடித்துவிடும், அப்புறம் நாம் கொடுக்கிற எந்தப் புத்தகத்தையும் நம்பாது. அவர் பிறகு மாறினார் என்பதையும் சேர்த்துச் சொல்கிற புத்தகம் கிடைத்தால் உடனே வாங்குவேன், இன்னும் கண்ணில் படவில்லை.

இந்த வழியில் என் பெரிய மனத்தாங்கல் என்னவென்றால், கதைக்குள் ரெண்டே கட்சிதான். வெள்ளைக்காரன் அடிக்கிறான், நாம் வாங்குகிறோம், போராடுகிறோம், ஜெயிக்கிறோம். ஜூலு மக்கள் தூரத்தில் மலை மாதிரி, மரம் மாதிரி வரைந்திருப்பார்கள். 1949 ஜனவரியில் நமக்கும் ஆப்பிரிக்க மக்களுக்கும் நடுவே மூண்ட டர்பன் கலவரத்தில் 142 பேர் செத்ததையோ, 2021 ஜூலைக் கலவரத்தில், டர்பனுக்கு வடக்கே இந்தியர் அதிகம் வாழ்கிற பீனிக்சில் 36 பேர் கொல்லப்பட்டதையோ, செத்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பர்கள் என்பதையோ நம் பிள்ளைகள் கேள்விப்படுவது கல்யாண வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் வாட்ஸ்அப்பிலும்தான், எந்தத் தொனியில் என்று உங்களுக்கே தெரியும். நம் கஷ்டத்தை மட்டும் படித்து வளர்கிற பிள்ளைக்கு அந்தப் பேச்சை எடைபோட எதுவும் இருக்காது.

இரண்டாவது வழி, இந்த நாட்டைப் பற்றி இங்கிலீஷில் வந்திருக்கும் சிறுவர் கதைகள். இதில் என் முதல் ஓட்டு பெவர்லி நைடூவின் ‘ஜர்னி டு ஜோபர்க்’. நைடூ என்றதும் அண்ணன் முகம் மலர்ந்தது, நம்ம ஆளு போலிருக்கே என்று. ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்த வெள்ளைக்காரப் பெண்மணி அவர், நைடூ கணவர் வழிப் பெயர். 1985இல் வந்த இந்தச் சின்னப் புத்தகத்தை 1991 வரை இங்கே தடை செய்து வைத்திருந்தார்கள். கைக்குழந்தையாக இருக்கிற தங்கச்சிக்கு உடம்பு முடியவில்லை, அம்மாவோ 300 கிலோமீட்டர் தள்ளி ஜோகன்னஸ்பர்க்கில் ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலை செய்கிறாள், பதிமூன்று வயது நலேடியும் ஒன்பது வயது டிரோவும் அவளைக் கூட்டிவர நடந்தே கிளம்புகிறார்கள். அவ்வளவுதான் கதை. சுலபமான இங்கிலீஷ், பத்து வயதுப் பிள்ளை தானே படிக்கும். நான் நாலு சனிக்கிழமை சத்தமாக வாசித்தேன்.

பிள்ளைகள் வந்து சேர்ந்தும் அன்றிரவு அம்மாவோடு அந்த வீட்டில் தங்க முடியாது என்ற இடம் வந்தபோது, முன்வரிசையில் இருந்த ஒரு சின்னப் பெண் கை தூக்கினாள். “ஆன்ட்டி, எங்க வீட்டில வேலை செய்யற ஆன்ட்டியோட பிள்ளைங்க எங்க தூங்குவாங்க?” ஹாலின் பின்னால் உட்கார்ந்திருந்த ரெண்டு அம்மாக்கள் சட்டென்று கைப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார்கள். எனக்கும் பதில் தெரியவில்லை. எங்கள் வீட்டுக்கு வாரம் மூன்று நாள் வருகிறவருக்கு எத்தனை பிள்ளைகள் என்று தெரியும், யாரிடம் விட்டுவிட்டு வருகிறார் என்று கேட்டதில்லை. ஐம்பது வயதுக்காரரை ‘கேர்ள்’ என்று சொல்கிற வழக்கம் நம் வீடுகளில் இன்னும் முழுதாகப் போகவில்லை, அதையும் பிள்ளைகள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நைடூவின் இன்னொரு புத்தகம் ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ பெரிய பிள்ளைகளுக்கு. 1948இலிருந்து 2000 வரை வெவ்வேறு காலத்தில் நடக்கிற ஏழு சிறுகதைகள். கடைசிக் கதைக்காகவே வாங்கலாம்: மேட்டில் வசதியான வீட்டில் இருக்கும் ரோஹன் என்ற இந்தியப் பையன், கீழே தகரக் குடிசைகள், அங்கே போகவே கூடாது என்று வீட்டில் கண்டிப்பு, தண்ணீர் இல்லாமல் கீழேயிருந்து ஒரு பையன் அவர்கள் கேட்டுக்கு வந்து நிற்கிறான். இதில் அநியாயம் செய்கிற வெள்ளைக்காரன் யாரும் கிடையாது. கேட்டைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவன் நம் பையன். நான் பார்த்த அத்தனையிலும் எங்கள் பிள்ளைகளை நாற்காலியில் நெளிய வைத்தது இந்தக் கதைதான், அந்த நெளிவுக்காகத்தான் நன்கொடைக்காரர் பணம் கொடுத்தார் என்று நான் எடுத்துக்கொண்டேன். பன்னிரண்டு வயதுக்குக் கீழே இருக்கிறவர்களுக்கு இந்தத் தொகுப்பு முழுவதையும் கொடுக்க வேண்டாம், சில கதைகள் கனமானவை.

சின்னவர்களுக்கு மண்டேலாவின் தன்வரலாற்றைச் சுருக்கிக் கிறிஸ் வான் வைக் எழுதி 2009இல் வந்த படப்புத்தகம் இருக்கிறது. அப்போதிருந்த பதினொரு ஆட்சிமொழிகளிலும் வெளியானது. சுருக்கியது என்பதால் சில பக்கங்கள் ஓடுகின்றன, சிறைக்குப் போனார், வந்தார், ஜனாதிபதி ஆனார் என்று. ஆனாலும் ஜூலுப் பதிப்பையும் இங்கிலீஷ் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசிக்கலாம். ஹாலைச் சுத்தம் செய்ய வரும் கோகோவிடம் (ஜூலுவில் பாட்டி) ஒரு பக்கம் வாசித்துக் காட்டச் சொன்னோம், பிள்ளைகள் கூடவே சொன்னார்கள், அந்தச் சொடுக்கு ஒலி நம்மவர்கள் வாயில் படுகிற பாட்டைப் பார்த்து அவர் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

விலைதான் இந்த வழியின் குறை. ஒரு பிரதி 200 ராண்ட் சுற்றில் வருகிறது. இந்த நாட்டில் பிரௌன் பிரெட்டுக்கு வாட் கிடையாது, புத்தகத்துக்கு 15 சதவீதம் உண்டு, இதைப் பற்றித் தனியாக ஒரு நாள் புலம்ப வேண்டும். இன்னொரு குறை, இனஒதுக்கல் கதைகளையே படித்துக்கொண்டிருந்தால் அதெல்லாம் அந்தக் காலம், 1994இல் முடிந்துவிட்டது என்று பிள்ளைகள் மூடி வைத்துவிடுவார்கள். கூட உட்கார்ந்து வாசிக்க ஒரு பெரியவர் இல்லாவிட்டால் அப்படித்தான் ஆகும்.

மூன்றாவது, சென்னையிலிருந்து வரும் புத்தகங்கள். இதை நான் அரைமனதோடுதான் பார்க்க ஆரம்பித்தேன். தூலிகா போன்ற பதிப்பகங்கள் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் வருகிற படப்புத்தகங்கள் போடுகின்றன. எங்களைப் போன்ற இடங்களுக்கு அது வரம். எழுத்துக் கூட்டுகிற பிள்ளை தமிழ் வரியில் முட்டி நின்றால் கீழே பார்த்துவிட்டு மேலே போகும். மாற்றுத்திறனாளிப் பிள்ளை, ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே ஆடு மேய்க்கிற பழங்குடிச் சிறுமி, பிரிவினையில் பிரிந்த ரெண்டு நண்பர்கள் என்று பேசாத விஷயம் இல்லை. அம்பேத்கரின் சிறுவயதைப் பற்றி தூலிகா 2015இல் கொண்டுவந்த படப்புத்தகம் எனக்கு இந்த முழு வேலையையும் புரட்டிப் போட்டுவிட்டது.

சிறுவன் பீமாராவ் வகுப்பில் கோணிப் பையில் தனியாக உட்கார வேண்டும், தாகம் எடுத்தால் குழாயைத் தொடக்கூடாது, பியூன் வந்து திறந்துவிட வேண்டும், பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அம்பேத்கரே பிற்காலத்தில் எழுதி வைத்த விஷயம் இது. வகுப்பில் இதைப் பேசியபோது, தமிழ்நாட்டு டீக்கடைகளில் இருந்த ரெட்டைக் குவளையையும் சொன்னேன், சிலருக்குக் கண்ணாடி டம்ளர், சிலருக்குத் தனியாக வைத்த வேறு டம்ளர் என்று. ஒரு பையன் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “எங்க ஆயா வீட்டில சிங்க் கீழ ஒரு எனாமல் கப் இருக்கு, அது மாதிரியா?” என்றான். ஆயா என்றால் இங்கே பாட்டி.

அது மாதிரிதான். எங்கள் அம்மா வீட்டிலும் இருந்தது, நீல விளிம்பு வைத்த வெள்ளைக் கோப்பை, தோட்ட வேலைக்கு வருகிறவருக்கும் துணி துவைக்க வருகிறவருக்கும். என் தாத்தா டர்பனில் மேகசின் பேரக்ஸ் குடியிருப்பில் நகராட்சித் தொழிலாளியாக இருந்து, அறுபதுகளில் அங்கிருந்து கிளப்பப்பட்டு சாட்ஸ்வர்த்துக்கு வந்தவர். வெள்ளைக்காரத் துரை தன்னை எப்படி நடத்தினான் என்று விடிய விடியச் சொல்வார். அந்தக் கோப்பையைப் பற்றி யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

ஆக, தமிழ்ப் புத்தகம் என்றால் பண்பாடு, இங்கிலீஷ் புத்தகம் என்றால் நியாயம் என்று நான் மனதில் பிரித்து வைத்திருந்தது தப்பு. சாதியைப் பற்றிய தமிழ்ப் புத்தகம், இந்த ஊர்க் கதை செய்ய முடியாத ஒரு வேலையைச் செய்கிறது; நம் பிள்ளையை அடிபட்டவன் பக்கம் மட்டும் நிற்க விடுவதில்லை. இங்கே சாதி ஒழிந்துவிட்டது என்று எல்லாரும் சொல்வோம், பெரும்பாலும் உண்மைதான், கல்யாணம் பேசும்போது மட்டும் லேசாக எட்டிப் பார்க்கும். ஆனால் பிள்ளே, மூட்லி, கவுண்டன், படையாச்சி என்று வருகைப் பதிவேட்டில் இருக்கிற சர்நேம் எல்லாம் எங்கிருந்து வந்தன என்று பிள்ளைகளுக்குத் தெரியாது. அன்றைக்குப் பாதி வகுப்பு அதிலேயே போனது, பாடம் நடக்கவில்லை, எனக்கு வருத்தமில்லை.

இந்த வழியில் தலைவலி, புத்தகம் வந்து சேர்வது. அங்கே 200 ரூபாய்ச் சுற்றில் இருக்கிற புத்தகத்துக்கு அனுப்பும் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். நான் முதலில் வரவழைத்த பார்சல் நாலு மாதம் கழித்து, ஒரு மூலை நனைந்து வந்தது. இரண்டாவது தடவை ஊருக்குப் போன ஒரு அக்காவின் சூட்கேசில் பதினாலு புத்தகம் வந்தது; படப்புத்தகம் மெல்லிசு, புடவைகளுக்கு நடுவே கசங்காமல் வரும், அவரவர் அக்காவைப் பிடித்துக்கொள்ளுங்கள். படத்தில் வருகிற ரேஷன் கடை, ஆட்டோ, தெருக்குழாய் எல்லாம் எங்கள் பிள்ளைகளுக்கு வெளிநாடு, அதை விளக்கிச் சொல்ல நேரம் ஒதுக்க வேண்டும்.

நாலாவது வழி இலவசம். கேப் டவுனில் 2014இல் தொடங்கிய புக் டேஷ், எழுதுகிறவர், படம் போடுகிறவர், வடிவமைக்கிறவர் எல்லாரும் ஒரே நாளில் சேர்ந்து உட்கார்ந்து ஒரு குழந்தைப் புத்தகத்தை முடித்துவிடுகிற அமைப்பு. இந்தியாவில் பிரதம் புக்ஸ் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகளும் உண்டு, ஜூலுக் கதைகளும் உண்டு. ரெண்டுமே கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வருகின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கி அச்சடிக்கலாம், மொழிபெயர்க்கலாம், மூலத்தின் பெயரைப் போட்டால் போதும். நாங்கள் எட்டுக் கதை எடுத்து, ஜூலுவும் இங்கிலீஷும் இருந்த இடத்தில் தமிழையும் சேர்த்து, தெருமுனை அச்சுக்கடையில் கலரில் எடுத்து ஸ்டேபிள் அடித்தோம். மூத்த பிள்ளைகளே மொழிபெயர்த்தார்கள். கோகோவை என்னவென்று எழுதுவது, பாட்டியா ஆயாவா என்று அரைமணி நேரச் சண்டை, கடைசியில் கோகோ என்றே விட்டுவிட்டார்கள், எனக்கும் அதுதான் சரி என்று பட்டது.

இந்தக் கதைகளில் போராட்டம், சிறை எல்லாம் அதிகம் கிடையாது. ஒரு கறுப்புப் பையன் தூங்க மாட்டேன் என்கிறான், ஒரு பெண் தொலைத்ததைத் தேடுகிறாள், அவ்வளவுதான். அது போதாது என்று முதலில் நினைத்தேன். ஆறு வயதுக்கு அதுதான் வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது. கறுப்புப் பிள்ளை கதையில் வந்தாலே ஏதோ துன்பம் வரப் போகிறது என்று நம் குழந்தை பழகிவிடக்கூடாது. எச்சரிக்கையாக ஒன்று: இணையத்தில் இருக்கும் தமிழ் மொழிபெயர்ப்புகள் ஒரே தரமாக இல்லை, சிலதில் வாக்கியம் நொண்டுகிறது, அச்சடிக்கும் முன் ஒரு தடவை வாய்விட்டுப் படித்துவிடுங்கள். 2021இல் நடந்த பன்னாட்டு வாசிப்புத் தேர்வில் இந்த நாட்டு நாலாம் வகுப்புப் பிள்ளைகளில் 81 சதவீதம் பேருக்குப் படித்ததைப் புரிந்து சொல்ல முடியவில்லை. பிள்ளை வீட்டுக்கே எடுத்துப் போய்க் கசக்கிப் படிக்கிற மலிவான புத்தகத்துக்கு இங்கே எவ்வளவு தேவை என்பது அதிலேயே தெரிகிறது.

நான் வாங்கியது இது. ‘ஜர்னி டு ஜோபர்க்’ ஆறு பிரதி, ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ மூன்று, சேர்த்து 1,890 ராண்ட். மண்டேலா படப்புத்தகம் இங்கிலீஷில் ரெண்டு, ஜூலுவில் ரெண்டு, 800. அக்கா சூட்கேசில் வந்த பதினாலும் 700. அச்சடித்ததுக்கு 900. வாழ்க்கை வரலாறு ரெண்டு, 400. வள்ளியம்மை இல்லாத தமிழ்ப் பாடசாலை அலமாரியை நானும் விரும்பவில்லை, உள்ளே மூன்று பவுன் கணக்கை ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறேன். பணம் உங்களிடம் இதில் பாதிதான் இருக்கிறது என்றால் அச்சடிப்பதையும் ‘ஜர்னி டு ஜோபர்க்’கையும் விடாதீர்கள், சென்னைப் புத்தகத்தில் அம்பேத்கரை மட்டுமாவது யாரிடமாவது சொல்லி வரவழையுங்கள். அலமாரியில் இது தமிழ், இது ஆப்பிரிக்கா என்று தட்டுப் பிரித்து அடுக்க வேண்டாம். நாங்கள் அம்பேத்கரையும் நலேடியையும் ஒரே தட்டில் வைத்தோம், ஒன்றை எடுக்கிற கை பக்கத்தில் இருப்பதையும் எடுக்கிறது.

ரெண்டு பெற்றோர் கூப்பிட்டுக் கேட்டார்கள், தமிழ் சொல்லிக்கொடுக்க அனுப்பினால் வேலைக்காரி பற்றியெல்லாம் ஏன் பேசுகிறீர்கள் என்று. ஒருவர் பிள்ளையை நிறுத்திவிட்டார். மற்றவர் புத்தகத்தை வீட்டுக்கு வாங்கிப் போய்ப் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார், ஒன்றும் சொல்லவில்லை, பிள்ளை வந்துகொண்டிருக்கிறது.

மீதி 1,310 ராண்ட் இருக்கிறது. அண்ணன் எல்லாப் பிள்ளைகளுக்கும் இங்கிலீஷ் உரையோடு திருக்குறள் வாங்கச் சொல்கிறார், எனக்கு ‘அவுட் ஆஃப் பவுண்ட்ஸ்’ இன்னும் மூன்று பிரதி வேண்டும். பாதிக்குப் பாதி என்று பேச்சு நடக்கிறது, ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தில் தெரியும். இந்தத் தடவை இருமல் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.